பிரேக்கும் என் வலது காலும்

போன வாரம் மார்த்தாண்டம் மேம்பாலத்தின் மேல் அரைமணி நேரம் சிக்கிக்கொண்டோம். மகன் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் பக்கத்து இருக்கையில், மடியில் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று காருக்குள் ஒரு வாடை ஏறியது. மகன் முகம் மாறிவிட்டது. ஏசியை அணைத்தான், கண்ணாடியை இறக்கினான், மறுபடி ஏற்றினான். வண்டி வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை.

"அம்மா, நம்ம வண்டியா கரியுது?"

நான் ஒரு முறை மூச்சை இழுத்துப் பார்த்தேன். "நம்ம வண்டியில்ல மக்கா. முன்னால நிக்குத லாரி. பிரேக்கு பிடிச்ச பிடிய விடாம கெடக்கு."

சொல்லி முடிக்கவில்லை, லாரியிலிருந்து ஒருவர் குதித்து இறங்கி, பின்சக்கரத்தின் பக்கம் குனிந்து பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டார். மகன் லாரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவள், வாட்சப்பில் குட் மார்னிங் அனுப்புகிறவள் என்பதற்கு மேல் அவனுக்கு என்னைப் பற்றி என்ன தெரியும்? நான் ஒரு மட்டிப்பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டேன். அந்தக் கணத்தில் நான் பட்ட பெருமையை மறைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த வாடையை நீங்கள் முகர்ந்திருக்கிறீர்களோ என்னவோ. பழைய செருப்பைத் தணலில் போட்டு, அதன் மேல் அப்பளத்தைக் கருக விட்டால் கிட்டத்தட்ட அப்படி வரும். சூடேறிய பிரேக் லைனிங்கின் வாடை அது. ஐந்து மாதம் நான் அதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். சேலையில் ஒட்டிக்கொண்டு வகுப்பறை வரைக்கும் வரும். முன்பெஞ்சுப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி பார்ப்பார்கள்.

அப்போது நாங்கள் கருங்கலில் இருந்தோம். வீட்டுக்காரர் மஸ்கட்டில். ஒரு விடுப்பில் வந்தபோது, குலசேகரம் பக்கத்து எஸ்டேட் டாக்டர் ஒருவர் விற்ற அம்பாசடர் காரை வாங்கினார். பாலாடை நிறம். கதவைத் திறந்தால் டிங்சர் வாசம் அடிக்கும். பின்சீட்டின் இடுக்கில் கையை விட்டால் பஞ்சும், மருந்துச்சீட்டும், ஒரு முறை தெர்மாமீட்டரும் கிடைத்தது. அந்தக் காரில் எத்தனையோ பேர் காய்ச்சலோடு போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பிற்பாடு அதே காரில் நானே காய்ச்சல் வந்தவள் மாதிரி உட்கார்ந்திருக்கப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

கார் வாங்கியது ஆடம்பரத்துக்கு இல்லை. எனக்குக் குலசேகரத்தைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் ஆகியிருந்தது. கருங்கலிலிருந்து மார்த்தாண்டம், அங்கிருந்து குலசேகரம், அங்கிருந்து வந்தால் உண்டு இல்லாவிட்டால் இல்லை என்கிற ஒரு பேருந்து. மூன்று பேருந்து மாறிப் போய்ச் சேர்வதற்குள் முதல் பாடவேளை முடிந்திருக்கும். வீட்டுக்காரர்தான் சொன்னார், "நீயே ஓட்டிக்கிட்டுப் போ பிள்ளே. ஓட்டத் தெரியாதவிய எல்லாம் ஓட்டுதாவ." விடுப்பு முடிவதற்குள் மைதானத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். கிளச்சுக்கு இடது கால். பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் வலது கால். "வேலை இல்லாத நேரத்தில காலைப் பெடல் மேல வைக்கப்பிடாது, கேட்டியா?" என்று ஒரு நூறு முறை சொல்லியிருப்பார். நூறு முறையும் நான் காலை எடுத்துத்தான் வைத்தேன். இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வழக்கே இந்தக் கால் மேல்தான்.

பெண்பிள்ளை அம்பாசடர் ஓட்டுவதை அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஊரே நின்று பார்க்கும். மரியாதையா பயமா தெரியாது, பேருந்துகள்கூட ஒதுங்கி வழிவிட்டன. முதல் இரண்டு மாதம் நான் ராணி. ஒரே ஒரு குறைதான். பிரேக்கை மிதித்தால் பெடல் பாதி வரைக்கும் இறங்கிய பிறகுதான் பிடிக்கும். இறக்கத்தில் அந்தப் பாதி தூரத்தில் உயிர் போய் உயிர் வரும். அதனால் மார்த்தாண்டத்தில் தங்கப்பன் மெக்கானிக்கிடம் கொண்டுபோய், தொட்ட உடனே பிடிக்க வேண்டும் என்றேன்.

தங்கப்பனின் ஒர்க்‌ஷாப் ஓர் அயனி மரத்தடியில் இருந்தது. சாலைப்பக்கம் ஓலைக்கூரை, உள்ளே நாலைந்து வண்டிகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடக்கும். கெட்டிக்காரர். நேர்மையானவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்தச் சாமானை மாற்றினாலும் பழையதைச் செய்தித்தாளில் பொதிந்து டிக்கியில் வைத்துவிடுவார். மாற்றாமல் மாற்றினேன் என்று சொல்கிறவன் நான் இல்லை என்பதற்கு அது சாட்சி.

"மாஸ்டர் சிலிண்டர் போச்சு டீச்சரே" என்றார். நாம் பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலை நாலு சக்கரத்துக்கும் தள்ளிவிடுகிற உருளை அது. அந்த வண்டியில் அது ஓட்டுகிறவரின் காலடியில், தரைக்குக் கீழே இருந்தது. புதிது போட்டார். பெடலைத் தொட்டதும் கல் மாதிரி நின்றது.

"இப்பம் எப்பிடி? தொட்டா நிக்கும்."

எனக்கு அவருக்குக் கோயில் கட்டலாம் போலிருந்தது. பள்ளிக்கு அப்போது காலாண்டு விடுமுறை. கருங்கலுக்குள்ளேயே சந்தைக்கும் தபால் ஆபீசுக்கும் ஓட்டிக்கொண்டு திரிந்தேன். ஒரு குறையும் இல்லை.

பள்ளி திறந்த அன்றுதான் தொடங்கியது. மார்த்தாண்டம் தாண்டி ஆற்றூர் வரும்போது வண்டி என்னவோ பாரம் ஏற்றியது மாதிரி இழுத்தது. மூன்றாவது கியரில் போகிற இடத்தில் இரண்டாவது கேட்டது. பிறகு அந்த வாடை. பிறகு புகை. ஒரு சாயாக்கடை முன்னால் தானாகவே நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் அழுததே தவிர வண்டி நகரவில்லை. இறங்கி நின்றேன். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சாயா குடித்தேன். அரைமணி கழித்து ஏறி எடுத்தால், ஒன்றுமே நடக்காதது போலப் போகிறது!

மறுநாளும் அதே இடம், அதே கடை. அதற்கடுத்த நாளும். ஒரு வாரத்தில் சாயாக்கடைக்காரர் நான் வருவது தெரிந்ததுமே தேயிலையைப் போட ஆரம்பித்துவிட்டார். "இன்னைக்கு பத்து நிமிசம் பிந்திப் போச்சே டீச்சரே" என்று அக்கறையாக விசாரிப்பார். சிரிக்கவேண்டாம், என் நிலைமை அப்படி. தலைமையாசிரியை ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "பஸ்சில வரும்போ இதைவிட நேரத்தே வந்தியே?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தங்கப்பன் நாலு சக்கரத்தையும் கழற்றினார். பிரேக் ஷூ மாற்றினார். ஸ்பிரிங் மாற்றினார். சக்கரங்களில் இருக்கிற சின்ன சிலிண்டர்களுக்கெல்லாம் புது ரப்பர் போட்டார். ஒவ்வொரு முறையும் குழித்துறைப் பாலம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவார். பட்டுப்போல ஓடும். ஒவ்வொரு முறையும் மறுநாள் நான் ஆற்றூரில் சாயா குடிப்பேன். டிக்கியில் செய்தித்தாள் பொதிகள் நிறைந்துகொண்டே வந்தன.

நான்காவது முறை போனபோது அவர் கையைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், அயனி மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"வண்டிக்கு ஒரு கேடும் இல்ல டீச்சரே. நான் ஓட்டும்போ வருதில்லியே. நீங்க காலை பெடல் மேலயே வச்சிட்டு ஓட்டுதிய. பொம்பளைய புதுசா ஓட்டும்போ அப்பிடித்தான். பயம்."

அங்கே சாய்ந்து நின்ற இரண்டு டிரைவர்கள் தலையை ஆட்டினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தப் பேச்சு எனக்கு முன்னாலேயே கருங்கல் போய்ச் சேர்ந்தது.

அதற்கு மேல் ஒரு சாட்சியும் வந்தது. எங்கள் பள்ளியில் கணக்கு எடுத்த பிலோமி டீச்சர், என் நெருங்கிய தோழி. தேங்காய்ப்பட்டணத்துக்காரி. வாரம் முழுக்கக் குலசேகரத்தில் அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமைதோறும் ஊருக்குப் பேருந்தில் போவாள்; என் காரை நம்பி ஏறினால் வீடு சேர முடியாதே. ஒரு திங்கள்கிழமை என்னைத் தனியாகக் கூட்டிப்போய் மெதுவாகக் கேட்டாள்.

"ஏட்டி, கோவிச்சுக்காதே. வெள்ளிக்கிழமை எனக்க பஸ்சு உனக்க கார் பொறத்தே தான் வந்துது. திருவட்டாறு தொட்டு ஆற்றூர் வர, வண்டிக்க பின்னால உள்ள செவப்பு லைட்டு அணையவே இல்ல. பிரேக்கு மிதிச்சாத்தானே அது எரியும்?"

உற்ற தோழியே சொன்ன பிறகு என்ன இருக்கிறது? எனக்கே என் கால் மேல் சந்தேகம் வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டிப் பார்த்தேன். சேலையை முழங்கால் வரைக்கும் செருகிக்கொண்டு, ஓட்டும்போதே குனிந்து காலைப் பார்த்தேன். ஒரு ஆட்டோவில் இடிக்கப் பார்த்தேன். கால் ஆக்சிலேட்டரில்தான் இருந்தது. ஆனால் நான் பார்க்காத நேரத்தில்? வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட வலது காலை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன், திருட்டுக் குணம் தெரிந்துபோன வேலையாளைப் பார்ப்பது மாதிரி.

செய்தி மஸ்கட் வரைக்கும் போய், அங்கிருந்து கேசட் வந்தது. அப்போது கடிதத்தைவிடக் கேசட்தான். பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். அதில் வீட்டுக்காரர் சுகம் விசாரித்துவிட்டுச் சொன்னார்: "காலை எடுத்து வையிண்ணு நான் எத்தன தடவ சொன்னேன். உனக்கு அது வராதுண்ணா விட்டிரு. அடுத்த மாசம் கொல்லத்திலேருந்து ஒரு ஆள் வந்து வண்டியப் பாப்பாரு. குடுத்திருவோம். நீ பழையபடி பஸ்சில போ." குரலில் கோபம் இல்லை. இரக்கம்தான் இருந்தது. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிப் பதிவு செய்து அனுப்பியிருப்பேன். கேசட்டைக் கழற்றி உறையில் போட்டு வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பிலோமியின் மகளுக்குத் தேங்காய்ப்பட்டணத்தில் முதல் நற்கருணை. ஒரு சனிக்கிழமை காலை. விற்கப்போகிற வண்டிதானே, கடைசியாகக் கடற்கரையைக் காட்டிவிடுவோம் என்று காரிலேயே போனேன். பேட்டரி வேறு அன்று மக்கர் செய்தது. கருங்கலில் நாலு பேர் தள்ளித்தான் கிளம்பியது. வழியில் சந்தைக் கூட்டம், நின்று நின்று போக வேண்டியிருந்தது. ஊர் எட்டும்போது வாடை வர ஆரம்பித்துவிட்டது. அங்கே காய்கிற மீனின் வாடையோடு அது கலந்ததை எந்த வார்த்தையில் சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

பிலோமி வீட்டுத் தென்னந்தோப்புக்குள் வண்டியை நிறுத்தினேன். நிறுத்தினேன் என்ன, அதுவே நின்றது. எஞ்சினை அணைத்தால் மறுபடி தள்ள ஆள் தேட வேண்டுமே என்று, ஓட விட்டபடியே இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தேன். பிலோமியின் வீட்டுக்காரர் அந்தோணி எதிரே வந்தார். மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் பழுது பார்க்கிறவர். எங்கள் வயதுதான். அன்று விசேஷத்துக்காக வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தார். வணக்கம் சொல்ல வந்தவர் என்னைத் தாண்டிக் காரைப் பார்த்தார்.

"டீச்சரே, கூட ஆரு வந்திருக்காவ?"

"யாருமில்லியே. நான் மட்டுந்தான்."

"பின்ன உள்ள ஆராக்கும் பிரேக்கு மிதிச்சிட்டிருக்கது?"

திரும்பிப் பார்த்தேன். தோப்பு நிழலில், காரின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகளும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. காருக்குள் யாரும் இல்லை. ஓட்டுகிறவர் இருக்கை காலி. என் வலது கால் என்னோடு, மணலில் இருந்தது.

வாழ்க்கையில் எத்தனையோ சந்தோஷங்கள் வந்திருக்கின்றன. பிள்ளை பிறந்தது, வீடு கட்டியது எல்லாம் உண்டு. ஆனால் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்த சந்தோஷம் வேறு தினுசு. "பிலோமீ!" என்று நான் போட்ட சத்தத்தில் பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட ஓடிவந்தார்கள். நான் காரை விட்டு இன்னும் இரண்டடி தள்ளி நின்று, சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினேன். "பாத்தியா? எனக்க கால் எங்க இருக்கு, பாத்தியா?"

பிலோமி வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்க மாதாவே" என்றாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள்.

பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, விருந்தினர் போன பிறகு அந்தோணி வேட்டியை மாற்றிக்கொண்டு ஸ்பேனர் பெட்டியோடு வந்தார். "காருக்க காரியம் எனக்கு ஒண்ணும் தெரியாது, கேட்டியளா. எங்க வள்ளத்துக்கு பிரேக்கே கெடையாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. தெரிந்தவர்களிடம் பட்டது போதும். ஆனால் விருந்து நேரத்தில் ஆறிப்போன பிரேக் விட்டுவிட்டது. அதனால் சந்தை வரைக்கும் நின்று நின்று போய், வண்டியை மறுபடி சூடாக்கிக்கொண்டு வந்தோம். விளக்கு எரிந்தது. சக்கரங்கள் பிடித்துக்கொண்டன. நோய் மருத்துவர் முன்னால் வந்துவிட்டது, அதுவே பாதி வெற்றி.

நான் விரலை நனைத்து நாலு சக்கரத்தின் பிரேக் டிரம்மையும் தொட்டுப் பார்த்தேன். நாலிலும் சுர்ரென்றது. ஒரு சக்கரத்தில் மட்டும் குற்றமென்றால் மற்ற மூன்றும் ஏன் சுட வேண்டும்? பத்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நான் எடுக்கிற பாடம் இது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கிற அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் போகும். படம் வரைந்து, குறியிட்டு, மனப்பாடம் செய்யவைத்து, தவறாக எழுதினால் மதிப்பெண் குறைத்து, அத்தனையும் செய்தவள் ஐந்து மாதம் அந்தப் பாடத்தின் மேலேயே உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன், ஒரு நாள்கூட நினைக்கவில்லை.

"அந்தோணி, ஏதாவது ஒரு சக்கரத்தில காத்து எடுக்குத நிப்பிளைத் திறங்க. ஒண்ணே ஒண்ணு போதும்" என்றேன்.

பின்பக்க இடது சக்கரத்தில் திறந்தார். பீச்சாங்குழல் மாதிரி ஆயில் பீறிட்டு அவர் கன்னத்தில் அடித்தது. பின்னால் நின்ற பிலோமி கத்தினாள், "அணைஞ்சு போச்சு! லைட்டு அணைஞ்சு போச்சு!" அந்த வண்டியில் விளக்கை எரியவைப்பது பெடல் இல்லை, ஆயிலின் அழுத்தம். ஒரு சக்கரத்தில் திறந்ததும் நாலு சக்கரமும் விட்டுவிட்டன. அப்படியானால் குழாய்களில் அடைப்பில்லை. மிதிக்காமலேயே ஆயில் அழுத்தத்தோடு நிற்கிறது; திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கிறது. வழி அடைபட்டிருப்பது எல்லாவற்றுக்கும் தொடக்கத்தில், மாஸ்டர் சிலிண்டரில்தான் இருக்க வேண்டும்.

"ஆனா அது புதுசாக்குமே?" என்றாள் பிலோமி. கணக்கு டீச்சர் இல்லையா, ஓட்டையைச் சரியாகப் பிடிப்பாள்.

அப்போதுதான் தங்கப்பனின் பொதிகள் நினைவுக்கு வந்தன. டிக்கியைக் கிளறி, பழைய மாஸ்டர் சிலிண்டரைத் தேடி எடுத்தோம். அந்தோணி அதை மூங்கில் பாயில் வைத்துப் பிரித்தார். உள்ளே வழவழவென்ற உருளைச் சுவரில், குண்டூசித் தலையைவிடச் சின்னதாக ஒரு துளை. அந்தத் துளை வழியாகத்தான் உபரி ஆயில் மேலே தொட்டிக்குத் திரும்ப வேண்டும். ஆயிலைத் தள்ளுகிற பிஸ்டனை விரலால் தள்ளிப் பார்த்தேன். ஒரு நெல் அளவு நகர்ந்ததும் துளை மூடிக்கொண்டது.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் காரின் பெடல் பக்கம் திரும்பினோம்.

நான் போய் காருக்குள் மண்டியிட்டு, பிரேக் பெடலை ஒரு விரலால் லேசாக அமுக்கிப் பார்த்தேன். துளிகூட ஆட்டம் இல்லை. தொட்ட உடனேயே கல். தொட்டால் நிற்கும் என்று நான் கொண்டாடிய அதே பெடல்! பெடலையும் பிஸ்டனையும் இணைக்கிற ராடு நீளமாக இருக்கிறது. அதனால் பெடல் ஓய்வாக இருக்கும்போதும் பிஸ்டனை ஒரு நெல் அளவு தள்ளியே வைத்திருக்கிறது. துளை எப்போதும் மூடியே இருக்கிறது. ஆயில் ஆறியிருக்கும்வரை தெரியாது. ஓட்ட ஓட்டச் சூடேறி ஆயில் பெருகும். திரும்ப வழியில்லாமல் அதுவே பிரேக்கைப் பிடிக்கும். பிடித்தால் இன்னும் சூடு. பாலம் வரைக்கும் போய்வந்தால் எப்படித் தெரியும்? ஆற்றூர் வரைக்கும் போக வேண்டாமா?

இதை நான் மணலில் விரலால் படம் போட்டுச் சொன்னேன். அந்தோணி கடைசி வரை கேட்டுவிட்டு, "அப்பம் பைய ராடைக் கொஞ்சம் குறுக்குவோம். அதாக்கும் காரியம்" என்று வண்டிக்கு அடியில் நுழைந்தார். நட்டைத் தளர்த்தி, ராடைத் திருகித் திருகிக் குறைக்க, மேலே நான் பெடலில் விரலை வைத்துக்கொண்டு, "இன்னும்... இன்னும்..." என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று பெடல் விரலுக்கடியில் ஒரு சின்ன அசைவு கொடுத்தது. தூங்குகிற குழந்தையின் மூச்சு மாதிரி, அவ்வளவுதான். "போதும்!" என்றேன். பீறிட்டுப்போன ஆயிலுக்குப் பதில் ஊற்றி, காற்று எடுத்து, எல்லாம் முடித்தபோது கரி அள்ளியவர்கள் மாதிரி மூன்று பேருக்கும் கை கறுப்பு. பிலோமி புதுச்சேலையில் துடைத்துவிட்டாள்.

திங்கள்கிழமை நான் செய்த பயணத்தை வள்ளியூர்த் தேரோட்டத்தோடு ஒப்பிட்டாலும் தகும். மார்த்தாண்டம் தாண்டியது. வாடை இல்லை. ஆற்றூர் வந்தது. சாயாக்கடைக்காரர் கண்ணாடிக் குவளையோடு வாசலுக்கே வந்துவிட்டார். நான் ஒரு கையால் ஹார்னை அழுத்திக்கொண்டு, மறு கையை ஆட்டிவிட்டு, மூன்றாவது கியரில் அவரைத் தாண்டிப் போனேன். கண்ணாடியில் பார்த்தால், அவர் குவளையோடு சாலை நடுவில் நின்றுகொண்டிருக்கிறார். திருவட்டாறு, குலசேகரம், பள்ளிக்கூடம். பிரார்த்தனை மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்து, எஞ்சினை அணைக்காமல், காரின் பின்னால் போய் நின்று பார்த்தேன். விளக்கு எரியவில்லை. டிரம்மைத் தொட்டேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ரப்பர் ஷீட் காய்கிற புளித்த வாசம் எங்கிருந்தோ வந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு அதை அன்றைக்குத்தான் மறுபடி முகர்ந்தேன்.

சாயங்காலம் நேரே அயனி மரத்தடிக்குப் போனேன். மனதுக்குள் ஒரு பிரசங்கமே தயாராக இருந்தது. சாய்ந்து நிற்கிற டிரைவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள், அதுவும் நல்லதுதான்.

"குலசேகரம் போயிட்டு வாறேன். எங்கேயும் நிக்காம. சக்கரத்தைத் தூக்கிச் சுத்திப் பாருங்க" என்றேன்.

தங்கப்பன் ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தைத் தட்டிவிட்டார். அது சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் காருக்குள் குனிந்து பெடலை விரலால் அமுக்கிப் பார்த்தார். அந்தச் சின்ன அசைவு அவர் விரலுக்குத் தெரிந்ததை நான் பார்த்தேன். நிமிர்ந்தார்.

"ராடை ஆரு தொட்டது?"

"நான்தான். பிலோமி டீச்சருக்க வீட்டுக்காரர் திருகினாரு. நான் சொன்னேன்."

அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைக்கத் தேவையில்லாத அளவுக்குத் துடைத்தார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்: "அது நான்தான் நீட்டி வச்சது. பெடல் எறங்குது, தொட்ட ஒடனே பிடிக்கணும்ணு நீங்கதானே டீச்சரே சொன்னிய? உங்களுக்குப் பயம் வேண்டாமேண்ணு கொஞ்சம் ஏத்தி வச்சேன். கொஞ்சம் கூடிப் போச்சு."

என் பிரசங்கம் அதோடு போயிற்று. உண்மைதான். கேட்டவள் நான். கொடுத்தவர் அவர். காலுக்கு விடுதலை கிடைத்தது, குற்றம் வாயின் மேல் வந்து விழுந்தது. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு அந்த இரண்டு டிரைவர்களின் பக்கம் திரும்பி, சத்தமாக, சாலைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "ஏலே, டீச்சருக்க காலில ஒரு குத்தமும் இல்ல. குத்தம் எனக்க ஸ்பேனர்ல."

அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது.

கொல்லத்துக்காரர் சொன்னபடி வந்தார். கருங்கல் இறக்கத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிரேக்கு நல்லா கொள்ளாம்" என்றார். "அதனாலதான் குடுக்கப் போறதில்ல" என்று சாயாவும் மட்டிப்பழமும் கொடுத்து அனுப்பிவைத்தேன். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அந்த வண்டி என்னோடு இருந்தது. சுசீந்திரம் தேருக்கும், வட்டக்கோட்டைக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகவும், பிலோமியின் இரண்டாவது பிரசவத்துக்கும் அதுதான் போனது. மார்த்தாண்டத்து ஒர்க்‌ஷாப்களில் பெடலுக்கு விடுகிற அந்த நெல் அளவு இடைவெளிக்கு 'டீச்சர் கேப்' என்று பெயரே விழுந்துவிட்டது. "டீச்சர் கேப்பு விட்டியா?" என்று ஒரு மெக்கானிக் இன்னொருவரிடம் கேட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். பட்டமளிப்பு விழாவில்கூட எனக்கு அப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை.

இப்போது அயனி மரம் நின்ற இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட செல்போன் கடை இருக்கிறது. தங்கப்பன் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது. ஆற்றூர் சாயாக்கடை சாலை அகலப்படுத்தியதில் போனது. அந்தப் பெடலும் ராடும் உள்ள வண்டிகள் ஒழிந்தன. அதனால் அந்தப் பெயரும் ஒழிந்தது. இன்றைக்கு ஒரு மெக்கானிக்கிடம் போய் டீச்சர் கேப் என்று சொன்னால், பள்ளிக்கூடத்தில் ஆள் பற்றாக்குறை என்று நினைத்துக்கொள்வார்.

எனக்கு அதிலெல்லாம் பெரிய வருத்தமில்லை. ஒரே ஒரு பொருள் போனதுதான் ஆறவில்லை. விஷயத்தையெல்லாம் நான் பேசிப் பதிவு செய்து மஸ்கட்டுக்கு அனுப்பியபோது, வீட்டுக்காரர் ஒரு பதில் கேசட் அனுப்பினார். போட்டால் முதலில் ஓர் இருமல். பிறகு, "தப்பு எனக்காக்கும் பிள்ளே. நான் உன்ன நம்பியிருக்கணும்." எங்கள் குடும்ப வாழ்க்கையில் அவர் தப்பை ஒத்துக்கொண்ட ஒரே சந்தர்ப்பம் அது. அந்தக் கேசட்டை நகைப்பெட்டியில் வைத்திருந்தேன். ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து, நாடா சுருண்டு, ஒன்றுக்கும் ஆகாமல் போய்விட்டது.

அவர் இப்போது ஓய்வுபெற்று, முன் அறையில் சாய்வு நாற்காலியில், பேப்பரோடு இருக்கிறார். நான் எப்போதாவது இந்தக் கதையை எடுத்தால் கண்ணாடியைக் கழற்றாமலேயே மறுக்கிறார்:

"நான் அப்பிடி ஒண்ணும் பறையல்ல. கேசட்டு இருந்தா போட்டுக் காட்டு."